பச்சைத் தண்ணீர்

நோர்லிசா கைப்பேசியை நீட்டினாள்.
படத்தில் ஒரு கறை,
தேநீர் சிந்திய துணிபோல விளிம்பு மட்டும் அடர்ந்து.
உங்கள் குளியலறைக்கு நேர் கீழே என்றாள்
மலாயும் ஆங்கிலமும் கலந்து, குரலை உயர்த்தாமல்.
உயர்த்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

எங்கள் வீட்டில் எதுவும் ஒழுகவில்லையே என்றேன்.
உண்மைதான்.
ஒழுகுவது எப்போதும்
கீழ்வீட்டில்தான்.

ஈசூனில் இந்த புளோக்குக்கு ஏறக்குறைய என் வயது.
பதினொரு ஆண்டுகள் அந்தத் தரையில் நின்று குளித்திருக்கிறேன்.
ஓடுகளின் இடுக்கில் பூச்சு
அங்கங்கே உதிர்ந்திருந்ததைக்
கால் பெருவிரல் அறியும்.
நான் அறியாததுபோல் இருந்தேன்.
இரும்புச் சாமான் கடையில்
இடுக்கடைக்கும் பசை, டப்பா பத்து வெள்ளி,
கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது.
அடுத்த சம்பளத்தில் என்று தள்ளினேன்.
சம்பளம் வந்தது, வந்தது,
வந்துகொண்டே இருந்தது.

சனிக்கிழமை ஒரு மணிக்கு லாவ் வந்தார்,
துணைக்கு ஷஃபிகுல்.
வடிகால் வாயைத் துணிப்பந்தால் அடைத்து
பாதம் மூழ்கத் தண்ணீர் நிரப்பி
ஒரு சிட்டிகைப் பொடி தூவினார்கள்.
பண்டான் கேக்கின் பச்சை.
மூன்று மணி நேரம், யாரும் குளிக்கக் கூடாது.
எழிலினி வாசற்படியில் குந்தி
பிளாஸ்டிக் டைனோசரை நீந்த விட்டாள்.

கீழிருந்து செய்தி வந்தது:
இன்னும் இல்லை.
அரைமணி கழித்து:
இன்னும் இல்லை. மழை வருது, துணி எடுத்தாச்சா?
எடுக்கவில்லை. ஓடிப்போய்
மூங்கில் கழியோடு உள்ளே இழுத்தேன்.
நனைந்த சட்டைகளைப் பிழிந்தபடி
அற்பமாய் ஒரு வேண்டுதல்:
மழையாக இருக்கட்டும், பொதுக்குழாயாக இருக்கட்டும்,
பக்கத்து வீடாக இருக்கட்டும்.

மூன்று நாற்பதுக்குப் படம் மட்டும் வந்தது.
வெள்ளைக் கூரையில் ஒரு பச்சைத் துளி,
விழலாமா என்று யோசித்துக்கொண்டு.

ஓடுகளை உடைத்தார்கள்.
அடியில் பழைய நீர்க்காப்புப் பூச்சு
நமுத்த அப்பளமாய் உரிந்து வந்தது.
ஷஃபிகுல் அதை என் கையில் வைத்தான், ஒன்றும் பேசாமல்.

பழைய வீடு, குளியலறை ஒன்றுதான்.
ஐந்து நாளைக்கு நோர்லிசா சாவி தந்தாள்.
செலவில் பாதியென்று ஓர் உறையும் தந்தாள்;
இடையிலிருக்கும் தளம் இருவருக்கும் பொதுவாம்.
வாங்கிக்கொள்ளக் கூசிற்று. வாங்கிக்கொண்டேன்.

அவள் வாளி, அவள் குவளை, செராய் வாசனைச் சோப்பு.
அண்ணாந்தால்
என் பதினொரு ஆண்டுக் குளியல்களின் அடிப்பக்கம்:
வீங்கி வெடித்த சாயம்,
விரல் நீளத்துக்குத் துருக்கம்பி.
தலையில் நுரையோடு நின்றவன்
குழாயைப் பாதி மட்டும் திறந்தேன்
எட்டாம் மாடிக்காரரை நினைத்து.

இப்போது ஞாயிறுதோறும்
சலவை இயந்திரக் குழாயைத் தடவிப் பார்க்கிறேன்.
கைகழுவும் தொட்டிக்கு அடியில் டார்ச்சுடன் படுக்கிறேன்.
குளிர்சாதனத்தின் வடிகுழாயில்
மாதமொருமுறை வெந்நீர் ஊதுகிறேன்.
காது வைத்துக் கேக்குறீங்களே, பிரசவ வார்டா,
என்கிறாள் அமுதவல்லி.

நேற்று பல் துலக்கும்போது
எங்கள் கூரை மூலையில்
ஐம்பது காசு அளவுக்கு ஒரு மங்கல் மஞ்சள்.
நெடுநாளாய் இருந்ததா,
நான்தான் அண்ணாந்ததில்லையா?
பதினொன்றாம் மாடியில் யாரென்று தெரியாது.
மின்தூக்கிக்குக் காத்திராமல் படியேறினேன்,
பாதியில் நின்றேன்
முதல் வார்த்தை கிடைக்காமல்.

கீழே கதவுக்குள்ளிருந்து எழிலினி,
வயிறு இன்னும் வெளுக்காத டைனோசரை ஆட்டியபடி:
அப்பா,
அந்தப் பச்சைப் பொடி மிச்சம் இருக்கா?